தறிக்கு ஓர் அட்டை, கம்பெனிக்கு ஓர் அட்டை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய ஊர் திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் உள்ள திவ்ய தேசம்; காஞ்சிப் பட்டின் நெசவு வட்டாரத்துக்குள் இருக்கும் ஊர். இதே சாலையில் கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சற்றுத் தள்ளி ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வரிசையாக வருகின்றன. 1990களின் கடைசியில் கார் கம்பெனிகள் அங்கே வந்த பிறகு இந்தப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தலைமுறை இரண்டாகப் பிரிந்தது. அப்பா குழித்தறியில் இருப்பார். பிள்ளை விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறியிருப்பான்.

அப்படிப்பட்ட வீட்டு பீரோவில் இரண்டு மருத்துவ அட்டைகள் இருக்கும். அப்பாவுடையது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. பிள்ளையுடையது இ.எஸ்.ஐ. அட்டை. உழைத்துப் பிழைக்கிறவர் நோயால் கடனாளி ஆகக் கூடாது என்பதுதான் இரண்டின் நோக்கமும். ஆனால் நோய் வந்தால் ஒரு குடும்பம் எதையெல்லாம் இழக்கிறது என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு விடை வைத்திருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வேண்டிய பாதுகாப்பு பிள்ளையின் அட்டையில் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவத்துக்கு இவ்வளவு செய்தும் நெசவாளர் வீட்டில் நோய்க்கடன் தீராததற்கு இது முக்கியமான காரணம்.

இ.எஸ்.ஐ. இரண்டில் மூத்தது. அதன் வேர் 1883இல் பிஸ்மார்க் ஜெர்மனியில் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் மருத்துவத்தோடு நிற்கவில்லை. படுத்துவிட்ட தொழிலாளிக்குப் பதின்மூன்று வாரம் வரை பாதிக் கூலியும் தந்தது. நோயாளிக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, அவன் வீட்டு அடுப்பு எரிவதும் அவ்வளவு முக்கியம் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது அங்கேதான். இந்தியாவில் 1944இல் பேராசிரியர் பி.பி. அடார்கர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், வந்தது. திட்டம் 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. இன்று மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளி இதற்குள் வருகிறார். 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 0.75 சதவீதம் அவருடைய பங்கு, 3.25 சதவீதம் முதலாளியுடைய பங்கு.

அப்பாவின் அட்டைக்கு வயது குறைவு. ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ வந்தது. 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறி 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வடிவம் மாறிற்று. 2018இல் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைந்து, வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆனது. 2022இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது வருமான உச்சவரம்பு 72,000த்திலிருந்து 1,20,000 ரூபாய்க்கு உயர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். அதை அரசே கட்டுகிறது. பயனாளி ஒரு பைசா கட்டுவதில்லை.

இந்த 849 ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையின் சம்பளத்தைப் பார்ப்போம். மாதம் 18,000 வாங்குகிறான் என்று வையுங்கள். அவன் பங்கு 135 ரூபாய், கம்பெனியின் பங்கு 585 ரூபாய். மாதம் 720, ஆண்டுக்கு 8,640. அப்பாவுக்காகப் போகும் பணத்தைப்போல் பத்து மடங்கு பிள்ளைக்காகப் போகிறது. ஆகவே இரண்டு அட்டைகளும் ஒரே அளவு தரவில்லையே என்று குறைப்பட முடியாது. கேட்க வேண்டியது வேறு: குறைந்த பணத்தை எந்த இடத்தில் செலவிட முடிவு செய்தோம்? காப்பீட்டுத் திட்டம் அதைப் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலில் செலவிடுகிறது. அறுவை, இதயத்துக்கு ஸ்டென்ட், டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் உண்டு. சில பரிசோதனைகளும், சில சிகிச்சைகளுக்குப் பிந்தைய தொடர் கவனிப்பும் உண்டு. சாதாரணமாக டாக்டரைப் பார்த்து மாத்திரை எழுதி வாங்குவது அதில் இல்லை.

தறிக்காரரின் நோய் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய விடுபடல் என்பது புரியும். குழித்தறியில் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். முதுகு சாய இடம் கிடையாது. பாவு அந்தண்டைக்கும் இந்தண்டைக்கும் விறைப்பாக நிற்கும். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கக் கழுத்தை நீட்டிக் குனிய வேண்டும். சரிகை ஓடும் இடத்தில் வெளிச்சம் கண்ணைக் குத்தும், வெளிச்சம் போதாவிட்டால் கண்ணே நோகும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். இப்படி இருபது, முப்பது ஆண்டு உட்கார்ந்தவருக்கு ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. முதலில் இடுப்பு பிடிக்கும். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். பிறகு மூட்டு. பிறகு கண். இதற்கிடையில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்து சேரும். இவை ஒவ்வொன்றும் ஐம்பது, நூறு, இருநூறு ரூபாயாகக் கரையும் செலவு. மூட்டு முழுக்கத் தேய்ந்து மாற்று மூட்டு வைக்கும் நிலை வந்தபிறகுதான் அட்டைக்கு வேலை. அதற்கு முந்தைய பதினைந்து வருடத்தில் கைக்காசு போகும், கூடவே மூட்டும் போகும்.

பிள்ளைக்கு இந்தச் சிக்கல் சட்டப்படி இல்லை. சளிக் காய்ச்சலுக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம். டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குள் வரும். பெரிய சிகிச்சைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ இணைப்பு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். செலவுக்கு 5 லட்சம் என்ற கோடு அங்கே போடப்படவில்லை.

சட்டப்படி இருப்பது நடைமுறையில் அப்படியே கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்தகம் பிள்ளையின் ஊரிலும் இருக்காது, கம்பெனி வாசலிலும் இருக்காது. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வீடு வந்து சேர்பவன் அதன் வேலை நேரத்துக்குள் போய்ச் சேர்வது சிரமம். அதனால் மாதாமாதம் பிடித்தம் போய்க்கொண்டே இருக்க, காய்ச்சலுக்கு ஊர்க்கோடி கிளினிக்கில் கைக்காசு கொடுக்கிறவர்கள் ஏராளம். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் இன்னும் மோசம். ஒப்பந்தக்காரர் மாறும்போது பங்குத்தொகை கட்டுவது இடையில் நின்றால் உரிமையும் நின்றுபோகும். வேலை போனால், அதற்கென உள்ள சில சலுகைகளைத் தவிர, அட்டையும் போனதுபோலத்தான். சம்பளம் 21,000த்தைத் தாண்டினாலும் வெளியே வர வேண்டியதுதான். நோய் மிகவும் வாட்டும் வயதில் இ.எஸ்.ஐ. பலருக்குக் கைகொடுக்காமல் போவது இதனால்தான்.

அந்த இடத்தில் அப்பாவின் அட்டை உயர்ந்து நிற்கிறது. வேலை இருக்கிறதா, முதலாளி யார், எத்தனை நாள் பணம் கட்டினாய் என்று அது கேட்பதில்லை. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் போதும். நூல் இழைக்கிறவர், பாவு ஓடுகிறவர், தறி விற்றுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர் என்று எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும். தனியார் மருத்துவமனைக்குள்ளும் அழைத்துப் போகும். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017-18) சொல்லும் கணக்கு இது: பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் இந்தியாவில் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். பட்டு நெய்கிற குடும்பத்துக்கு இரண்டாவது தொகை மாதக்கணக்கான கூலி. அந்த அடியை இந்த அட்டை தாங்கிக்கொள்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில், 1969இல் புற்றுநோய்க்கு இரையான அண்ணாவின் பெயரில் அதே ஆண்டு தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய் என்று தெரிந்த நாளில் நெசவாளர் குடும்பம் தறியை விற்க வேண்டியதில்லை என்றால், அரசு மருத்துவமனைக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்படியானால் அப்பாவின் மாத்திரைச் செலவை யார் பார்க்கிறார்கள்? காப்பீட்டைவிட அதிகம் பாராட்ட வேண்டிய ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் தொடங்கி, 1995லிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல். அவற்றைப் பொதுப்பெயரில், மொத்தமாக, இரண்டு உறை ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்குவது. முதல் உறையில் கம்பெனியின் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதி தேறினால்தான் விலை உறை பிரிபடும். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, பெயரை மறைத்துக் குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கியுள்ள தொகைக்கு எந்த மருந்து வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து தள்ளிவிட்ட மருந்து காலாவதியாவதும், வேண்டிய மருந்து கிடைக்காததும் இதனால் வெகுவாகக் குறைந்தன. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இந்த வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அட்டையில் விற்பனைக்கு அல்ல என்ற அச்சைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாத்திரைக்குப் பின்னால் இருப்பது முப்பது ஆண்டு உழைத்துச் சரிசெய்த ஒரு கொள்முதல் முறை.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நெசவாளருக்கு இது மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் பயன். சர்க்கரை மாத்திரைக்காகச் சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் அரை நாள் அவருக்குத் தறியில் அரை முழம். அதை அந்தத் திட்டம் மிச்சப்படுத்துகிறது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் இருக்கிறது. இடுப்பும் மூட்டும் போகிறவர்களுக்கு அதுதான் முதல் மருந்து. ஆக, அப்பாவின் காப்பீட்டு அட்டையில் விடுபட்டதில் ஒரு பாதியை, அதாவது டாக்டரையும் மாத்திரையையும், அரசு நேரடியாகவே கொடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டு மருத்துவத்தின் முதுகெலும்பு இதுதான், காப்பீடு அதற்குத் துணை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இரண்டுக்கும் பணம் போதாத வருடம் ஒன்று வந்தால் முதலாவதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இனி மற்ற பாதி. கூலி.

பிள்ளை காய்ச்சலில் படுத்தால் இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தருவார். சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை, அவன் வங்கிக் கணக்குக்கு வரும். நாளுக்கு 600 ரூபாய் சம்பளம் என்றால் 420 ரூபாய். முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் வராது. ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நெடுநோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. வேலையின்போது அடிபட்டால் அதற்குத் தனி ஈடு.

அப்பா படுத்தால்? அவருக்கு நாள் சம்பளம் இல்லை, சேலைக் கூலி. சேலை அறுத்துச் சங்கத்திலோ முதலாளியிடமோ கொடுத்தால்தான் பணம். ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபது நாளும் ஆகும். பதினைந்தாம் நாள் முடிய வேண்டிய சேலை பத்தாம் நாளில் நின்றால் செய்த பத்து நாள் வேலைக்கும் அப்போது காசு வராது. அவர் நின்றால் துணைக்கு உட்காருகிறவருக்கும் வேலை நிற்கும். மனைவி அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் நூல் இழைப்பதும் நிற்கும். கம்பெனியில் ஒருவன் வராவிட்டால் லைன் ஓடிக்கொண்டிருக்கும். தறிவீட்டில் ஒருவர் படுத்தால் வீடே நிற்கும். தனியாரிடம் நெய்கிறவர் என்றால் அந்தச் சமயத்தில் அடுத்த கைமாற்று முதலாளியிடமிருந்துதான் வரும். முன்பணம் ஏறும். முன்பணம் ஏறினால் அடுத்த சேலைக்குக் கூலி பேச வாய் வராது. நோய் போன பிறகும் அந்தக் கடன் தறியைவிட்டுப் போவதில்லை.

மூட்டு மாற்று அறுவையையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை அதை இலவசமாகச் செய்துவைக்கும். அதன் பிறகு குழிக்குள் கால்விட்டு மிதி மிதிக்க எத்தனை மாதம் ஆகுமோ, சிலருக்கு அது முடியாமலே போகலாம். அந்த மாதங்களுக்கு அட்டையில் ஒரு ரூபாயும் இல்லை. அரசு ஒரு பெரிய தொகையைச் செலவிட்டுக் காலைச் சரிசெய்துவிட்டு, அந்தக் காலால் சம்பாதித்த குடும்பத்தைக் கைவிடுகிறது. இதனால்தான் பலரும் அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள். இலவசம் என்று தெரிந்தும் போகாத நோயாளியைப் பார்த்து அறியாமை என்று சொல்லுகிற அதிகாரிகள் அவர் வீட்டுக் கூலிக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மகப்பேற்றில் இந்த இடைவெளி இன்னும் பச்சையாகத் தெரியும். திருப்புட்குழியில் மரகதவல்லித் தாயாரிடம் பிள்ளைவரம் கேட்டு வரும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவைக் கழித்து, காலையில் முளைவிட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம்பிக்கையோடு வரும் அந்தப் பெண்களில் கம்பெனிக்குப் போகிறவளும் இருப்பாள், தறிக்கு நூல் இழைக்கிறவளும் இருப்பாள். முதலாமவள் இ.எஸ்.ஐ.க்குள் இருந்தால் 26 வாரம் முழுச் சம்பளம்; நாளுக்கு 600 ரூபாய்க் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டாமவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தவணை தவணையாக, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் 18,000 நல்ல தொகைதான். ஆனால் ஒரே தெருவில் இரண்டு தாய்மாருக்கு ஓய்வின் விலை இவ்வளவு வேறுபடுவதற்கு, ஒருத்திக்குச் சம்பளச் சீட்டு இருப்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பிள்ளையின் இ.எஸ்.ஐ.யில் அப்பாவைச் சேர்க்க முடியாதா என்று கேட்கலாம். சார்ந்திருக்கும் பெற்றோருக்கு அதில் மருத்துவம் உண்டு. ஆனால் பெற்றோரின் சொந்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். நன்றாக நெய்துகொண்டிருக்கும் அப்பா அதற்குள் வருவது கடினம். சேர்ந்தாலும் கிடைப்பது மருத்துவம் மட்டும்தான். கூலி ஈடு காப்பீடு செய்துகொண்ட தொழிலாளிக்கே உரியது.

நெசவாளருக்காகத் தனிக் காப்பீடு இருந்ததே என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 2005இல் மத்திய அரசு கைத்தறி நெசவாளருக்கு ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. ஐசிஐசிஐ லம்பார்டு நடத்தியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். அதில் 7,500 ரூபாய் புறநோயாளிச் செலவுக்கு. இன்றைய 5 லட்சத்துக்கு முன்னால் அந்தத் தொகை அற்பமாகத் தெரியும். ஆனால் பாதிப் பணத்தை மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஒதுக்கியவருக்குத் தறிக்காரரின் நோய் எது என்று தெரிந்திருந்தது. வரம்பு போதாமல், பில் திரும்பி வருவதில் தாமதமாகி, ஏழைகளுக்கான பொதுக் காப்பீட்டுத் திட்டங்களுக்குள் அது கரைந்துபோயிற்று. தொகை ஏறியது, நெசவாளருக்கென்று யோசித்த அந்த வடிவம் போய்விட்டது. அதை இழந்தது நமக்குத் தவறாகப் பட்டிருக்க வேண்டும்; யாரும் பெரிதாகப் பேசவில்லை.

தாய்லாந்து 2001-02இல் முப்பது பாட் திட்டம் என்று பெயர்பெற்ற ஏற்பாட்டைத் தொடங்கியபோது, புறநோயாளிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கியது. மாவட்ட மருத்துவமனைக்கு அந்த வட்டாரத்து மக்கள்தொகைக் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டார்கள். நோய் முற்றாமல் பார்த்துக்கொண்டால் மருத்துவமனைக்கே லாபம். நம்முடைய காப்பீடு அறுவைக்கு அறுவை பணம் தருகிறது. அதில் மருத்துவமனைக்கு லாபம் அறுவை நடந்தால்தான். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வலுவாக இருப்பதால் அதன் கெடுதல் மட்டுப்பட்டிருக்கிறது. அவை வலுவற்ற மாநிலங்களில் காப்பீட்டு அட்டையை மட்டும் நம்பியிருப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

காப்பீட்டு முறை மிகப் பொருத்தமாக வேலை செய்யும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். திருப்புட்குழிக்காரர்கள் தினமும் கடக்கும் நெடுஞ்சாலை அது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, பக்கத்திலுள்ள மருத்துவமனையிலேயே இலவசமாகத் தருகிறது. வருமானம் பார்ப்பதில்லை, எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. திடீரென்று வருவது, உடனே செய்ய வேண்டியது, விலை நிர்ணயிக்க முடிவது என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் இந்த முறைக்கு ஈடில்லை. மெல்ல மெல்லத் தேயும் உடம்புக்குத்தான் அது பொருந்தவில்லை.

கூலி ஈட்டை நெசவாளருக்குக் கொண்டுவருவது நடக்காத காரியம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். முதலாளி யாரென்று தெரியாத தொழிலில் யார் 3.25 சதவீதம் கட்டுவது, நோய் என்று பொய் சொன்னால் யார் பிடிப்பது என்பவை அவர்கள் கேட்கும் கேள்விகள். இரண்டுக்கும் காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்களிலேயே விடை இருக்கிறது. சங்க நெசவாளருக்குச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று நெடுநாளாக நடக்கிறது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளரிடம் பிடிப்பார்கள், மாநில அரசு 4 காசு சேர்க்கும். அதாவது கூலியிலிருந்து பிடித்து, அரசு பங்கு சேர்த்து, பேர் பேராகக் கணக்கு எழுதும் ஏற்பாடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இ.எஸ்.ஐ.யின் மொத்தப் பங்குத்தொகையே ரூபாய்க்கு 4 காசுதான். மருத்துவத்தை அரசு மருத்துவமனையும் காப்பீடும் பார்த்துக்கொள்ளும் தமிழ்நாட்டில், கூலி ஈட்டுக்கு மட்டும் என்றால் அந்த 4 காசும் முழுதாகத் தேவைப்படாது.

பொய்க்கு வருவோம். தொழிற்சாலையைவிடச் சங்கத்தில் பொய் சொல்வது கடினம். பாவும் சரிகையும் எந்தத் தேதியில் கொடுத்தார்கள், சேலை எந்தத் தேதியில் வரவாயிற்று என்று சங்கப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த நெசவாளர் வழக்கமாக ஒரு சேலைக்கு எத்தனை நாள் எடுப்பார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். சுகாதார நிலைய டாக்டரின் சான்றையும் இந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

தனியாரிடம் நெய்கிறவர்கள்தான் கடினமான பகுதி. அவர்களுக்குக் கூலிப் புத்தகம் இல்லை, பலருக்கு ரசீதுகூட இல்லை. ஆனால் கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்களுக்கு மாநிலத்தில் நல வாரியம் இருக்கிறது. ஓய்வூதியம், கல்வி உதவி, ஈமச்சடங்கு உதவி, கண்கண்ணாடி உதவி என்று அது தருகிறது. செத்தால் பணம் தரும் வாரியம், படுத்தால் பணம் தருவதில்லை என்பதை மாற்ற வேண்டும். நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களை எண்ணியிருக்கிறது. ஆளே தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது.

சட்டமும் இப்போது வழிவிடுகிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. பயன்களைத் திட்டம் வகுத்துத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் தருகிறது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை; திட்டம் வகுக்க யாராவது கேட்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே அதற்குத் தகுதியானவர்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: நோய்க்கால ஈடாக, டாக்டர் சான்றோடு, ஆண்டுக்கு 91 நாள், கூலியில் 70 சதவீதம், கூலிப் புத்தகத்தில் அதற்கு இன்னொரு கட்டம். மாநிலக் கைத்தறித் துறைக்கு ஒரு பிரதி, டெல்லியில் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மகனுக்கு நாடு 1952லிருந்து கொடுத்துவரும் உரிமையை அப்பாவுக்கும் கேட்கிறோம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதுங்கள்.